நெரிசல் வேளையில் வெட்டிய எலும்பு

எங்கள் ஆய்வகத்துக்கு அண்மையில் ஒரு கருவி வந்திருக்கிறது. திசுச் சீவலை ஒட்டிய கண்ணாடிச் சிலைடை அதன் தட்டில் வைத்தால் படம் எடுத்து, புதிய எலும்பு இவ்வளவு, கரையாமல் மிஞ்சிய நிரப்புப்பொருள் இவ்வளவு, நார்த்திசு இவ்வளவு என்று வண்ணம் பிரித்துக் காட்டிவிடுகிறது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தது, காட்டுவதற்காக அழைத்திருந்தார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு நான் அரை நாள் செய்ததை அது தேநீர் ஆறுவதற்குள் செய்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. புறப்படும்போது அங்குள்ள இளையவர்கள், கருவி இல்லாத நாளில் ஒரு சிலைடை வைத்துக்கொண்டு எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதித் தரக் கேட்டார்கள். பொதுவாக எழுதினால் பாடநூலாகிவிடும். ஆகவே ஒரே ஒருவருடைய எலும்பைப் பற்றி எழுதுகிறேன்.

நான் திருவொற்றியூர்க்காரி. ஆய்வக நுட்பம் படித்து, ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் சில காலம் இருந்து, பின்னர் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். தொடக்க ஆண்டுகளில் கற்றவற்றுள் இங்கே வேண்டியது ஒன்றுதான். எலும்பை உள்ளபடியே மெல்லியதாகச் சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்து அதன் சுண்ணாம்பை நீக்க வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் வெட்டுக்கருவியில் பூட்டிச் சீவ வேண்டும். ஊறியது குறைந்தால் கத்தி தெறிக்கும். மிகுந்தால் சாயம் பிடிக்காது.

எங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் சுவரை உரசாத குறையாகப் போகும். ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் கட்டடம் நடுங்கும், கத்தி நடுங்கும், சீவலில் நெருக்கமாக, ஒரே திசையில், கோடு கோடாக விழும். நுண்ணோக்கியில் பார்த்தால் வயலில் உழுத சால் போலத் தெரியும். நாங்கள் அவற்றை 'லாரிக் கோடு' என்போம். துறைமுக வாயிலில் ஏதேனும் தடங்கல் ஏற்பட்டு லாரிகள் வரிசையாக நின்றுவிடும் வேளையில்தான் கட்டடம் அசையாது. அந்த நெரிசலை ஊரே சபிக்கும்; நாங்கள் எலும்பு பதித்த மெழுகுக் கட்டிகளைப் பனிக்கட்டி மேல் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்போம்.

பிரிவின் தலைவர் பேராசிரியர் செல்லையா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இராயபுரத்தில் மிளகாய் வற்றல் மொத்த வணிகம் நடத்திய குடும்பம் அவருடையது. மூட்டையின் மேல்வாயில் இருப்பதைக் காட்டி விற்க வருகிறவரை அவருடைய தந்தை உட்காரச் சொல்லமாட்டாராம். அடியிலிருந்து ஒரு கை எடுத்துக் காட்டச் சொல்வாராம். மகனுக்கும் அதே வழக்கம். சிலைடுப் பெட்டியைக் கொடுத்தால் கடைசிச் சிலைடை முதலில் எடுப்பார். குரல் உயர்த்தியதில்லை. அறிக்கையில் 'நல்ல எலும்பு' என்று எழுதியிருந்தால் அடிக்கோடிட்டுத் திருப்பித் தருவார். "நல்லதா கெட்டதான்னு நாம சொல்லண்டாம். அங்க என்ன கெடக்குன்னு மட்டும் எழுதுங்க" என்பார். அவரிடம் பாராட்டுப் பெற்றவர் எவரையும் நான் அறியேன். ஒருவரை நம்பிவிட்டால் அவருடைய சிலைடை அடியிலிருந்து பார்க்காமல் மேலிருந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

அவர் மேற்கொண்ட ஆய்வு கணவாய் ஓட்டைப் பற்றியது. காசிமேட்டில் கணவாய் அறுக்கும் பெண்கள் அதன் வெள்ளை ஓட்டைக் குவியலாக ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஓடு முழுதும் நுண்ணிய அறைகள். எலும்பின் உட்புறத்துக்கு நெருங்கிய அமைப்பு. அதைக் கொதிக்கவைத்துக் கழுவி, உலையில் சுட்டு, பாஸ்பேட் கரைசலில் அழுத்தத்துடன் வேகவைத்தால், எலும்பில் உள்ள அதே கனிமமாக மாறிவிடும். பிறகு ரவை அளவுக்குச் சலித்து, கிருமிநீக்கிச் சிறு குப்பிகளில் அடைப்போம். பல் பிடுங்கிய குழியில் இதை நிரப்பினால், துகள்களைப் பற்றிக்கொண்டு புதிய எலும்பு வளர வேண்டும். வளர்ந்தால் அதில் செயற்கைப் பல்லுக்கான உலோகத் திருகைப் பதிக்கலாம். கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களிலும், அனுமதி பெற்று முயல்களிலும் இது தேறியது. கடைசியாக மனிதர்.

மனிதரிடம் செய்த முறை இது. குழியில் துகளை நிரப்பித் தைத்துவிடுவோம். சில மாதங்கள் கழித்துத் திருகு பதிப்பதற்கு எப்படியும் அங்கே துளையிட வேண்டும். அந்தத் துளையை உள்ளீடற்ற குழல் போன்ற துரப்பணத்தால் இட்டால், பேனா ரீஃபில் பருமனில் ஓர் எலும்புத் தண்டு வெளியே வரும். அது என்னிடம் வரும். அமிலத்தில் துகள்கள் கரைந்துவிடும். அவை இருந்த இடம் வெள்ளைக் குழியாகத் தெரியும். அக்குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது எலும்பா, நாரா? கேள்வி இவ்வளவே. சிலைடில் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யாருடையது என்பது ஆய்வு முடியும்வரை பேராசிரியரின் அலமாரியில் பூட்டியிருக்கும்.

அறுவை செய்தவர் மருத்துவர் நிர்மல். கைத்திறம் மிக்கவர், வாயும் ஓயாது. அவருடைய நோயாளிகளில் ஒருவர் சேகர்.

சேகருக்கு வீடு புளியந்தோப்புக் குடியிருப்பில். வேலை மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில். பெட்டிகளை இறுக்கும் இரும்புக் கம்பி ஒருநாள் விடுபட்டு வாயில் அடித்து, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு முறிந்தது. ஆனால் சேகரை யார்டுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் ஒரு பேண்ட் செட்டில் முதல் டிரம்பெட். திருமணம், சாவு, கோயில், மாதா தேர் எல்லாவற்றிலும் அவர்தான் முதல் வரிசையில் நடுவில் நிற்பவர். மற்றவர்கள் அவரைக் கேட்டுத்தான் சேர்ந்துகொள்வார்கள். டிரம்பெட்டின் வாய்முனை மேலுதடு வழியாக முன்பல்லில் அழுந்தி நிற்க வேண்டும். பல் இல்லாவிட்டால் அந்த இடத்தில் உதடு உள்ளே மடிந்து காற்று சிதறும். திருகு பதித்த அன்று வாயில் பஞ்சோடு எங்கள் அறை வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தபோது இதை அவரே சொன்னார்.

"எக்கா, அழகுக்கு ஒண்ணும் இந்தப் பல்லு கேக்கல. அழகு நமக்கு வேற எடத்துல கீது. ரெண்டாவது டிரம்பெட்டு ஒருத்தன் கீறான், என் எடத்தையே பாத்துகினு. நம்ம பல்லு வுழுந்த அன்னிக்கு அவன்தான் மொத ஆளா ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தான். இன்னா பாசம்."

கேட்டுக்கொண்டேன். அவருடைய தண்டு எந்த எண்ணில் என்னிடம் வரும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தண்டைச் சீவியபோது, முன்னர் பாராத ஒன்றைப் பார்த்தேன். துகள் இருந்த குழிகளைச் சுற்றி எலும்பு இல்லை. நார். அந்த நாரும் தாறுமாறாக இல்லாமல், வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக, எல்லாம் ஒரே திசையில் படிந்திருந்தது. குழிகளின் முனைகள் மழுங்கியிருந்தன. எங்கள் துகள்கள் கூர்முனை உள்ளவை. எதுவோ அவற்றை இடைவிடாமல் அசைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. அசையும் இடத்தில் எலும்பு கூடாது, நார்தான் கூடும் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்தது. திருகு இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்றால், அதன்மேல் பல்லை மாட்டி அழுத்தம் கொடுத்தால் சில வாரங்களில் ஆடும். பிறகு திருகும் போய், அதைச் சுற்றியிருக்கும் எலும்பும் போகும். அடுத்த முறை பதிக்க இடமே இராது. அந்த எண்ணுக்குரியவர் யாராக இருந்தாலும் பல் மாட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

செல்லையாவிடம் கொண்டுபோனேன். பெட்டியின் கடைசிச் சிலைடிலிருந்து தொடங்கி முதலாவது வரை பார்த்தார். நிர்மலை அழைத்துவரச் சொன்னார்.

நிர்மல் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். தம் நோயாளிகளின் எக்ஸ்ரேக்கள் எல்லாமே சுண்ணாம்படித்த சுவர் போல வெண்மையாக இருக்கின்றன, எதிலும் குறை இல்லை என்றார். துகளும் எக்ஸ்ரேயில் எலும்பைப் போலவே வெண்மையாகத்தான் தெரியும் என்றேன். அதை அவரும் அறிவார். பிறகு சிலைடைச் சுட்டிக்காட்டி, "மேடம், கோபப்படாதீங்க. இது நார் இல்ல, எண்ணூர் லாரி. நம்பர் பிளேட் ஒண்ணுதான் தெரியல" என்றார்.

கேலி என்றாலும் கேள்வி நியாயமானது. கோடுகள் கத்தியின் விளிம்புக்கு இணையாகவே இருந்தன. லாரிக் கோடுகளும் அப்படித்தான் விழும். நாரின் மேல் லாரிக் கோடு விழுந்து, அதை நான் அடுக்கு என்று படித்திருக்கலாம். அப்படியானால் அது பழைய காயத்தில் இயல்பாக இருக்கும் சிறிது நார், அஞ்சத் தேவையில்லை. நான் சொல்வது சரியானால், ஒருவருடைய பல்லை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டில் எது என்று அந்தச் சிலைடுகளைக் கொண்டு என்னால் உறுதிகூற முடியவில்லை. அதையே சொன்னேன்.

வழி ஒன்று இருந்தது. மெழுகுக் கட்டியைக் கால் வட்டம் திருப்பிப் பூட்டிச் சீவ வேண்டும். லாரிக் கோடு எப்போதும் கத்தியைச் சார்ந்தது. கட்டியை எப்படித் திருப்பினாலும் கத்தி விளிம்புக்கு இணையாகவே விழும். திசுவின் கோடு திசுவைச் சார்ந்தது. கட்டியோடு அதுவும் திரும்பிவிடும். ஆனால் திருப்பிப் பூட்டினால் முகத்தைச் சமமாக்கவே முதல் சீவல்கள் வீணாகும். கட்டியில் எஞ்சியிருந்தது நகத்தின் வெள்ளை அளவு. அதிர்வில் அதுவும் பாழானால் அந்த மனிதரிடமிருந்து இன்னொரு தண்டு எடுக்க முடியாது. அங்கே திருகு இருக்கிறது.

செல்லையா கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மிச்சத்த வச்சு என்ன செய்யப் போறோம்? வெட்டுங்க. ரோடு நிக்கட்டும்" என்றார்.

சாலைதான் நிற்கவில்லை. வாழ்நாளில் கண்டிராத ஒழுங்குடன் லாரிகள் அன்று முழுதும் ஓடின. மறுநாளும் ஓடின. நிர்மல் வெளிநோயாளர் பிரிவிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து சன்னலோரம் நிற்பார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது; மறைத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த நாள் நண்பகலில், துறைமுக வாயிலில் சீட்டுப் பதியும் கணினி பழுதாயிற்றாம். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர் ஒருவர் இறங்கி, வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து ஸ்டவ்வை எடுத்து உலை வைத்தார்.

"சோறே வடிக்கிறாங்க மேடம்" என்றார் நிர்மல். "வெட்டுங்க."

முதல் சீவல்கள் கிழிந்தன. பிறகு நாடா போல முழுதாக இறங்கின. வெந்நீரில் மிதக்கவிட்டுச் சிலைடில் ஏந்தி, உலர்த்தி, சாயமேற்றி, மாலையில் மூவரும் பார்த்தோம். கோடுகள் கத்திக்குக் குறுக்கே ஓடின. திசு திரும்பியபோது அவையும் திரும்பியிருந்தன. அவை நாரின் அடுக்குகளே. பல் பிடுங்கிய குழியின் சுவரிலிருந்து எலும்பு விரல்களைப் போல உள்நோக்கி நீண்டு வந்து, அடுக்குகளைக் கண்ட இடத்தில் நின்றுவிட்டிருந்தது.

நிர்மல் நெடுநேரம் பார்த்தார். லாரியைப் பற்றி அதன்பின் பேசவில்லை. செல்லையா எழுந்து அலமாரியைத் திறந்தார். ஆய்வு முடியுமுன் எண்ணை உடைத்துப் பெயரைப் பார்ப்பது ஆய்வுக்குக் கேடு. ஆனால் நோயாளிக்குத் தீங்கு வரும் என்றால் உடைக்கலாம் என்று விதி உண்டு. அவர் அதை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பெயரை வாசித்தார். சேகர்.

சேகர் வந்தார். மருத்துவரின் நாற்காலியில் உட்காரவைக்காமல் மேசைக்கு எதிரே உட்காரவைத்து, செல்லையா ஒவ்வொன்றாகக் கேட்டார். புகை? இல்லை. அந்தப் பக்கம் கடித்தீர்களா? இல்லை. நாக்கால் துழாவினீர்களா? இல்லை. பல் முறிந்த இடம் வெறுமையாகத் தெரியாதிருக்க, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பல் ஒன்றை நிர்மல் கொடுத்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டார்.

"துண்ணும்போது கழட்டிடுவேன் சார். ஒரு நாளு கூட மாட்டிகினு துன்னதில்ல."

"தூங்கும்போது?"

"அதுவும் கழட்டி கிளாஸ்ல தண்ணி ஊத்தி போட்டு வெச்சுடுவேன். மீனு வளக்கிறியான்னு கேக்குது வூட்ல."

"அப்ப எப்பதான் மாட்டுவிய?"

"ஊதும்போது சார்."

சேகர் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார்? அதுக்குத்தானே குடுத்தீங்க?" என்றார்.

சிகிச்சைக்குப் பிறகு செய்யக்கூடாதவை என்று நாங்கள் கொடுக்கும் தாளில் மெல்லுதல், புகைத்தல், துப்புதல், உறிஞ்சுகுழலில் குடித்தல் எல்லாம் இருந்தன. ஊதுவது இல்லை. பல் இல்லாமல் அவரால் ஊத முடியாது என்று நம்பியதால் அது எவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பல்லை அழகுக்கென்று கொடுத்தவர்கள் நாங்கள். எவர் எதைச் சாப்பிடக்கூடாது என்று மனப்பாடமாகச் சொல்லும் பல் மருத்துவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. வாய்முனை உதட்டை அழுத்த, உதடு பிளாஸ்டிக் பல்லை அழுத்த, அதன் தகடு ஈறுக்குள் இருந்த துகள்களை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் முகூர்த்தங்களுக்குக் குறைவில்லை.

செல்லையா நிலையை விளக்கினார். திருகின் நுனி ஆழத்தில் பழைய எலும்பைப் பிடித்திருக்கிறது; ஆகவே இன்னும் இழப்பில்லை. அசைவு நின்றால் எஞ்சிய இடத்தில் எலும்பு வளரலாம். வளரும் என்று உறுதி கூற இயலாது. மாதக்கணக்கில் ஊதக்கூடாது. பிளாஸ்டிக் பல்லை நிர்மல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சேகர் கேலியை நிறுத்திவிட்டார். "அந்த எடத்த வுட்டா திரும்பக் குடுக்க மாட்டானுங்க சார்" என்றார். "பல்லு போனப்ப கூட நான் எடத்த வுடல."

"இப்ப ஊதுனா பல்லும் நிக்காது, எடமும் நிக்காது" என்றார் செல்லையா.

அந்த மாதங்களைப் பற்றி நான் அறிந்தது கொஞ்சமே. மணலி புதுநகரில் உறவினர் திருமண வரவேற்புக்குப் போன நிர்மல், சேகர் கடைசி வரிசையில் வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு அடித்ததைப் பார்த்ததாகவும், தம்மைக் கண்டதும் சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னார். முதல் வரிசையில் நடுவில் இளைஞன் ஒருவன் நின்றிருந்தானாம். நன்றாகத்தான் ஊதினானாம்.

இதற்கிடையில் எங்களுக்குள் ஒரு சர்ச்சை எழுந்தது. ஆய்வுக் கட்டுரையில் சேகரை எப்படிக் கணக்கில் கொள்வது? தவறு துகளினுடையது அன்று, ஊதியது காரணம், ஆகவே அவரை நீக்கிவிட வேண்டும் என்றார் நிர்மல். நானும் அவர் பக்கமே பேசினேன். நோயாளிகள் சிலரே, ஒருவர் தோல்வி என்றாலும் முடிவு தாழும். செல்லையா முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "இத மனுசன் வாயில வைக்கத்தான செய்தோம்? மனுசன் ஊதுவான், விசிலடிப்பான், கடிச்சி உடைப்பான். மொயலு மாதிரி கூண்டுல இருந்தாத்தான் எலும்பு வரும்னா, அதயும் எழுதணும்."

தண்டு எடுத்த நாளில் அங்கே எலும்பு இல்லை. அவ்வாறே எழுதினோம். சேகர் தோல்விப் பக்கம் சேர்க்கப்பட்டார். அது முற்றிலும் சரியா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. நேர்மையானது என்பதில் ஐயமில்லை. கணவாய் ஓட்டின் மொத்த முடிவு நடுத்தரமாக அமைந்தது. எவரும் அதைப் பாராட்டவும் இல்லை, கைவிடவும் இல்லை.

குறித்த காலம் கழிந்து சேகர் வந்தபோது இன்னொரு தண்டு எடுக்க வழியில்லை. எக்ஸ்ரே எப்போதும்போல் வெண்மை. எஞ்சியது தட்டிப் பார்ப்பது ஒன்றுதான். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் திருகின் தலையைத் தட்டினால், எலும்பில் இறுகியிருப்பது கணீரென்று ஒலிக்கும். நாரில் நிற்பது பொத்தென்று மந்தமாக ஒலிக்கும். செல்லையாவும் நானும் போய் நின்றோம். நிர்மல் தட்டினார். ஒருமுறை, சற்று இடம் மாற்றி மீண்டும் ஒருமுறை. எங்களுக்கு முன்பே அந்தக் கணீர் சேகரின் முகத்தில் தெரிந்துவிட்டது. உள்ளே கேட்பவர் அவரல்லவா?

பல் மாட்டப்பட்டது. அதன்பின் பல வாரங்கள் அவர் வரவில்லை. வந்தது இராயபுரத்தில் மாதா தேர் முடிந்த மறுநாள். முன்னறிவிப்பு இல்லாமல் எங்கள் அறைக்குள் வந்து, பலகையில் உட்கார்ந்து, முதல் வரிசையில் நடுவில் நின்று தேரின் முன்னே ஊதியதைச் சொன்னார். பேண்ட் தலைவர் ஒத்திகையில் இவரையும் அந்த இரண்டாவது டிரம்பெட் இளைஞனையும் ஊதச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, டிரம்மை அந்த இளைஞனிடம் கொடுத்தாராம். "பாவம், எனுக்கே ஒரு மாதிரியா போச்சு எக்கா. ஆனா அதுக்காவ எடத்தத் திருப்பிக் குடுத்துடல."

பிறகு, எங்கள் ஆய்வு முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது, கட்டுரையும் வெளிவந்துவிட்டது என்றேன்.

"நம்ம கேஸு பாஸா, ஃபெயிலா?"

பொய் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஃபெயில் என்றேன். தண்டு எடுத்த அன்று எலும்பு இல்லை, அதைத்தான் எழுத முடியும் என்றும் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். புதிய பல்லை நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நேத்து தேருக்கு முன்னால ஊதனது யாரு எக்கா? உங்க ரிப்போர்ட்டா?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பேராசிரியரிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். நான் பார்த்து அவர் சத்தமாகச் சிரித்தது அந்த ஒருமுறைதான். பிறகு அறிக்கையைத் திருத்த வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார்.